வண்டியை நிறுத்தச் சொன்ன அண்ணி

என் அண்ணிக்கு ஊர் வைத்த பெயர் விசில். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. நெரிசலுக்கு நடுவே நின்று அவர் ஒரு ஊது ஊதினால் பஸ் டிரைவர் மட்டுமல்ல, பக்கத்தில் போகிற சைக்கிள்காரரும் பிரேக் போடுவார். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் உண்டு. வாயாடி, திமிர் பிடித்தவள், செத்துப்போன புருஷனின் பெயரைக் கெடுத்தவள். வாயாடி என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை அவரே ஒப்புக்கொள்வார். மற்ற இரண்டையும் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் கொஞ்சம் நின்று இதைக் கேட்டுவிட்டுப் போகட்டும். வாய் அவர்களுக்கு மட்டும்தான் இருக்கிறதா என்ன?

நான் பகலில் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். சங்கு ஊதினால் லாரியை அப்படியே ஓரம்கட்டிவிட்டு ஓடிப்போய்த் தீயணைப்பு வண்டியில் ஏறிவிடுவேன். அரசாங்கத்தின் தீயணைப்பு நிலையம் நகரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் எரிய வேண்டியது எரிந்து, ஆறி, கூட்டிப் பெருக்கியும் ஆகிவிடும். அதனால் நாங்களே ஒரு படை வைத்திருக்கிறோம். சம்பளம் கிடையாது. முடிதிருத்தும் கடைக்காரர், பள்ளிக்கூட வாட்ச்மேன், மர மில்லில் வேலை செய்கிற சிலர், நான். எங்களுக்குள் ஒரு ரோஷம் உண்டு. நகரத்து வண்டி வரும்போது நாங்கள் தீக்கு மூக்கு உரசும் தூரத்தில் நின்றிருக்க வேண்டும். எவன் வண்டியை அதிகம் கிட்டே கொண்டுபோய் நிறுத்துகிறானோ அவன்தான் டிரைவர். தள்ளி நிறுத்தினால் தொலைந்தான். "என்னப்பா, பெயின்ட் உரிஞ்சிடும்னு பயமா?" என்று அடுத்த தீ வரைக்கும் கேலி ஓடும்.

அந்த விஷயத்தில் என் அண்ணனை அடித்துக்கொள்ள ஆளில்லை. எனக்கு முன்னால் அவர்தான் படையின் டிரைவர்.

ஊரின் தாழ்ந்த பக்கத்தில் இருப்பதால் அதற்குப் பள்ளத் தெரு என்றே பெயர். அந்த வீடுகளின் கொல்லைப்புறத்தில், மண்ணுக்கு அடியில், ஒரு கம்பெனியின் எரிவாயுக் குழாய் போகிறது. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டு அடுப்புக்கு அதிலிருந்து ஒரு மூச்சு வாயு கூட வருவதில்லை. மேலே தெரிவது மஞ்சள் கம்பங்கள் மட்டும்தான். ஒவ்வொன்றிலும் ஒரு போன் நம்பர். பள்ளத் தெருக்காரர்கள் கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டித் துணி காயப்போட்டார்கள். அந்தக் கம்பெனியால் ஊருக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு காலையில் அந்தக் குழாய் எங்கோ விட்டுக்கொண்டது. பள்ளத் தெரு முழுக்க முழங்கால் உயரத்துக்குப் பனிமூட்டம் போல வெள்ளையாகப் படர்ந்தது. நாற்றம் தாங்காமல் தெருக்காரர்கள் மேட்டுக்கு ஓடிவிட்டார்கள். சங்கு ஊதியது. அண்ணன் வண்டியை எடுத்தார்; முடிதிருத்துகிறவர் பக்கத்தில். தண்ணீர்த் தொட்டி வளைவில் திரும்பி, இறக்கத்தில் இறங்கி, வழக்கம்போல எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு கிட்டே போனார். வெள்ளை தொடங்குகிற இடத்தில், ஹோஸ் பைப்பை விரிப்பதற்காக முடிதிருத்துகிறவர் குதித்தார். வண்டி உள்ளே போனது. எஞ்சின் உறுமியது, ஊரே காது கொடுத்துக் கேட்கும்படி உறுமியது. அப்புறம் எல்லாம் நெருப்பு. முடிதிருத்துகிறவருக்கு இடது கை வெந்தது. என் அண்ணன் வரவில்லை.

அந்த உறுமல்தான் ஊருக்குக் கதையாகிவிட்டது. "எமன் எதிர்ல நிக்கறான், மனுஷன் ஆக்சிலேட்டரை மிதிச்சான் பாரு ஒரு மிதி!" என்று முடிதிருத்துகிறவர் கடையில் சொல்லாத நாளில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது எந்த வாடிக்கையாளர் மறுத்துப் பேசுவார்? எங்கள் தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகை வாசலில் அண்ணனுக்குக் கல் நட்டார்கள். நெருப்புக்குள் பாய்ந்த வீரன் என்று பொறித்தார்கள். பொய் சொல்வானேன், அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியில் இருந்து ஓர் அதிகாரி வருவார். சிரித்த முகம். எல்லோருக்கும் கம்பெனி பெயர் போட்ட தொப்பி கொடுப்பதால் அவருக்குத் தொப்பிக்காரர் என்று பெயர் வைத்திருந்தோம். கல்லுக்கு மலர்வளையம் வைப்பார். ஊர் மன்றத் தலைவர் பேசுவார். மைதானத்தில் ஒரு தகரத் தட்டில் டீசலை ஊற்றிக் கொளுத்துவார்கள். கம்பெனி வாங்கிக் கொடுத்த புது வண்டியை அதன் மேலேயே ஏற்றிவிடுவதைப் போல ஓட்டிவந்து நிறுத்தித் தண்ணீரைப் பீய்ச்சி அணைப்போம். கைத்தட்டல், போட்டோ, பொட்டலச் சாப்பாடு. குழாய் விபத்துப் பயிற்சி முடிந்தது என்று அர்த்தம்.

அண்ணியைப் படைக்குக் கேப்டன் ஆக்கியதும் அந்தப் போட்டோவுக்காகத்தான். வீரனின் மனைவி முன்னால் நின்றால் படம் எடுப்பாக இருக்கும் அல்லவா? அவர் சும்மா நிற்பார் என்று தலைவர் நினைத்தார். டவுன் பஸ்ஸில் ஒருநாளாவது டிக்கெட் எடுத்துப் போயிருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டார்.

ஒரு வருஷம் தொப்பிக்காரருக்கு உடம்பு சரியில்லை. விழாவைத் தள்ளிவைத்தார்கள். பயிற்சிக்கு மட்டும் அவருக்குப் பதிலாக ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை போலிருக்கிறது. பயிற்சி என்றால் நிஜமாகவே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டார். பள்ளிக்கூட ஹாலில் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு ஒரு படம் போட்டார். பின்வரிசையில் மில்காரர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

படத்தில் ஒரு மைதானம். வெள்ளை வாயு தரையோடு தரையாகப் படர்கிறது. ஆளில்லாத ஒரு பழைய லாரியை அதற்குள் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் அது பாட்டுக்கு ஓடுகிறது. பிறகு, யாரும் தொடாமல், உறும ஆரம்பிக்கிறது. மேலே, மேலே, கத்துகிறது. அப்புறம் நெருப்பு.

"டீசல் எஞ்சின் காத்தோட சேர்த்து வாயுவையும் உறிஞ்சிடும். அப்புறம் மிதிக்கவே வேணாம், தானா வெறிபிடிச்ச மாதிரி ஓடும். சாவியை ஆஃப் பண்ணாலும் நிக்காது. அதனால வெள்ளையா படர்ந்திருக்கற இடத்துக்கு வண்டியை எடுத்துட்டே போகக்கூடாது. தூரத்துல, மேட்டுல, காத்து நம்ம முதுகுல படற பக்கமா நிறுத்தணும்" என்றார் இன்ஜினியர்.

ஹாலில் கொட்டாவி நின்றுபோனது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அண்ணி எழுந்தார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

"இந்தப் படம் எப்பம்மா எடுத்தது?"

"பழைய படம்தாங்க. நான் வேலைக்குச் சேர்றதுக்கு ரொம்ப முன்னாடியே."

"என் வீட்டுக்காரர் போறதுக்கு முன்னாடியா?"

அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் உறைத்தது, யார் முன்னால் எதைப் போட்டுக் காட்டியிருக்கிறோம் என்று. பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் சொல்லவில்லை; அதற்காக இன்றைக்கும் அவருக்கு ஒரு கும்பிடு.

"ஆமாங்க" என்றார்.

"அப்ப உங்க ஆஃபீஸ்ல இது இருந்திருக்கு. எங்களுக்குத் தொப்பி வந்திருக்கு" என்றார் அண்ணி. தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி நாற்காலி மேல் வைத்துவிட்டு, எதுவும் நடக்காதது போல உட்கார்ந்து, மீதிப் படத்தையும் கடைசிவரை பார்த்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் சமையலறையில் நான் கத்தினேன். அவர் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி சொல்ல வரீங்க? எங்கண்ணன் முட்டாளா? ஊரே வீரன்னு சொல்லுது, நீங்க மட்டும் வண்டி தானா ஓடுச்சுன்னு சொல்லப் போறீங்களா?"

"முட்டாள் இல்ல தம்பி. தெரியாதவர். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

"செத்தவரை விட்டுடுங்க அண்ணி!"

"செத்தவரை நான் என்ன பண்ணப் போறேன்?" தண்ணீர் சொட்டும் தட்டோடு திரும்பினார். "அவர் உட்கார்ந்த சீட்ல இப்ப யாரு உட்கார்றது? அந்தக் கல்லைப் பார்த்துப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுப் போறது யாரு? அடுத்த தடவை சங்கு ஊதினா எங்க கொண்டுபோய் நிறுத்துவே? சொல்லு!"

எங்கே நிறுத்துவேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். கோபத்தில் சாப்பிடாமல் எழுந்துபோனேன். பசி தாங்காமல் திரும்பி வந்து சாப்பிட்டேன். அவர் தட்டை எடுத்துப் போட்டார்; அந்த வீட்டில் சண்டைக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

தள்ளிவைத்த விழா நாள் வந்தது. தொப்பிக்காரர் உடம்பு தேறி மலர்வளையத்தோடு வந்துவிட்டார். தகரத் தட்டில் தீ எரிந்தது. நான் வண்டியில் தயாராக இருந்தேன். அண்ணி விசிலை வாயில் வைத்தார். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. பஸ் கணக்குதான் எங்களுக்கும். எல்லோரும் இரண்டுக்குக் காத்திருந்தோம். அவர் ஒன்றுதான் ஊதினார்.

"இந்தத் தீயை அணைக்க மாட்டோம்" என்றார். மைக் தேவைப்படவில்லை. "குழாய்ல தீப்பிடிச்சா வாயுவை மூடற வரைக்கும் அதை அணைக்கவே கூடாதுன்னு உங்க இன்ஜினியரம்மா சொன்னாங்க. அணைச்சா வாயு மறுபடி படர்ந்து வேற எங்கயாவது வெடிக்கும். அப்ப எதுக்கு வருஷாவருஷம் எங்களுக்கு அணைக்கச் சொல்லிக் கொடுக்கறீங்க? போட்டோ நல்லா இருக்குன்னா?"

மன்றத் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "விழா நேரத்துல என்னம்மா இது? பெரிய மனுஷங்க வந்திருக்காங்க."

"பெரிய மனுஷங்கதான் கேட்கணும். அந்தக் கல்லுல இருக்கறது பொய். அவர் மிதிக்கல, வண்டி தானா கத்துச்சு. அதையும் எழுதுங்க. வெள்ளையா படர்ந்தா வண்டி கிட்டப் போகாதுன்னு எழுதுங்க. படிக்கறவன் பொழைச்சுக்குவான்."

முடிதிருத்துகிறவர் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். வெந்து சுருங்கிய கை. "நான் கூட இருந்தவன்! என் காதால கேட்டேன், மிதிச்சான். உன் புருஷனை நீயே கேவலப்படுத்தறியே, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?" அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அது பொய்க் கண்ணீர் இல்லை. என் அண்ணனை அவர் அவ்வளவு நேசித்தார்.

தட்டில் டீசல் தானாகவே எரிந்து தீர்ந்தது. போட்டோகிராபர் என்ன எடுப்பது என்று தெரியாமல் பொட்டலச் சாப்பாட்டைப் படம் எடுத்தார். தலைவர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டார்; தனியாக என்று பெயர், பாதி ஊர் கேட்டது. அடுத்த மன்றக் கூட்டத்துக்குள் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் கேப்டன் பதவியும் போகும், படையிலும் இடமில்லை.

"அதுக்குள்ள எவ்வளவு சொல்லிக் கொடுக்க முடியுமோ சொல்லிக் கொடுத்துடறேன்" என்றார் அண்ணி.

அன்றிலிருந்து விடுமுறை நாள்தோறும் பள்ளத் தெருவில் கூத்துதான். அனுமதி கேட்கவில்லை, கேட்டால் கொடுத்திருக்க மாட்டார்கள். வீடு வீடாகக் கையால் கதவைத் தட்டுவார். காலிங் பெல்லைத் தொடக்கூடாது, அதிலும் பொறி வரும். லைட்டைப் போடாதே, போட்டிருந்தால் அணைக்காதே. வண்டியை ஸ்டார்ட் பண்ணாதே. போனை எடுக்காதே. கையில் என்ன இருக்கிறதோ அதோடு வெளியே வா, மேட்டைப் பார்த்து நட.

"அடுப்புல கொதிக்குதும்மா!" என்று ஒரு பெண்மணி சண்டைக்கு வருவார்.

"கொதிக்கட்டும். நீங்க கொதிக்காம இருந்தா போதும், இறங்குங்க!"

"மேட்ச் கடைசி ஓவர் அக்கா, முடிஞ்சதும் வந்துடறேன்."

"உன் மேட்ச் முடிஞ்சா போதும், நீ முடியக்கூடாது. இறங்கு, இறங்கு! கடைசி ஸ்டாப், வண்டி மேல போகாது!"

வாயாடி என்று சொன்னேனே, அந்த வாய்தான் தெருவைக் காலி செய்தது. பஸ்ஸில் ஆளை உள்ளே தள்ளிப் பழகியவர் இப்போது வெளியே தள்ளினார். முனகிக்கொண்டே வந்தார்கள். பிறகு முனகாமல் வந்தார்கள். கால் விளங்காத ஒரு பெரியவரை நாற்காலியோடு தூக்குவதற்கு இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் தாங்களாகவே முறை வைத்துக்கொண்டார்கள். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க அண்ணி பழைய டிக்கெட்டைக் கிழித்துப் பறக்கவிடுவார்.

எனக்கு வைத்த பயிற்சிதான் இருப்பதிலேயே மானக்கேடு. கொட்டகையில் இருந்து முழு வேகத்தில் வர வேண்டும், தண்ணீர்த் தொட்டி வளைவில் ஒரு விசில் கேட்கும், அங்கேயே நிறுத்த வேண்டும், எஞ்சினை அணைத்துச் சாவியை அண்ணி கையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். பிறகு மறுபடியும் கொட்டகை. மறுபடியும் வளைவு. டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவன் எல்லாம் கைதட்டுவான். "நிக்கற தீயணைப்பு வண்டி வருது, வழி விடுங்கப்பா!" எனக்கு ரத்தம் கொதிக்கும். ஆனாலும் ஓட்டினேன். ஏன் என்று கேட்டால், அண்ணி சொன்னதை அப்போது நான் முழுசாக நம்பியதால் இல்லை. அந்த வீட்டில் இருந்து ஒருவரைப் பறிகொடுத்தவர் அவர். இன்னொருவன் தன் பேச்சை மீறிக் கிளம்பிப் போனான் என்று அவருக்கு ஆகக்கூடாது என்றுதான்.

மன்றக் கூட்டத்துக்கு முந்தைய வாரம், மத்தியானம், சங்கு ஊதியது.

பள்ளத் தெருக் கோடியில் சாக்கடை தோண்டிக்கொண்டிருந்த பொக்லைன் குழாயைக் கிழித்துவிட்டது. நான் வண்டியை எடுத்தேன். சண்டை போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வராமல் இருந்த முடிதிருத்துகிறவர், ஒருவர் கன்னத்தில் பாதிச் சோப்போடு கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து என் பக்கத்தில் ஏறினார். சங்கு ஊதினால் அவரால் சும்மா இருக்க முடியாது; நல்ல மனுஷன். அண்ணி பின்னால் படியில் தொற்றிக்கொண்டிருந்தார்.

வளைவு வந்தது. கீழே தெரு தெரிந்தது. வெள்ளை. அதே முழங்கால் உயரம்.

"போடா! போ! உங்கண்ணன் ரத்தம்தானே உனக்கும் ஓடுது!" என்று முடிதிருத்துகிறவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் போகத்தான் தோன்றியது. உடம்பு முழுக்க முன்னால் இழுத்தது. பின்னால் இருந்து ஒரு விசில் கேட்டது. என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை, அந்த விசிலின் பேச்சைக் கேட்டது. வண்டி நின்றது. எஞ்சினை அணைத்தேன். சாவியை அண்ணி பிடுங்கிக்கொண்டார்.

முடிதிருத்துகிறவர் என் முகத்தைப் பார்த்துக் காறித் துப்பவில்லை, அது ஒன்றுதான் குறை. "கோழை" என்றார்.

அண்ணி டிக்கெட்டைக் கிழித்துவிட்டார். துண்டுகள் தெருவை நோக்கிப் பறந்தன. காற்று எங்கள் முதுகில். மில்காரர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தே இறங்கி, வெள்ளைக்கு வெளியே நின்று கத்த ஆரம்பித்தார். அதற்கு அதிகம் தேவையிருக்கவில்லை. தெரு ஏற்கெனவே நடந்து வந்துகொண்டிருந்தது. நாற்காலியில் பெரியவர் வந்தார். அடுப்பை விட்டு வர மாட்டேன் என்ற பெண்மணி ஈரக் கையோடு, கரண்டியைக் கூடக் கீழே வைக்காமல் வந்தார். யாரும் வண்டியை எடுக்கவில்லை. யாரும் லைட்டைத் தொடவில்லை. ஒருவர் விடாமல் எல்லோரும் வளைவைத் தாண்டி மேட்டுக்கு ஏறிவிட்டார்கள்.

கடைசியில் பொக்லைன் ஓட்டுகிறவர் மூச்சு வாங்க வந்தார். மேட்டுக்கு வந்தவர் நின்று, திரும்பி, கீழே இறங்கப் பார்த்தார்.

"எஞ்சினை அணைக்காம வந்துட்டேன். மிஷினுக்கு ஏதாவது ஆச்சுன்னா முதலாளி கொன்னே போட்டுடுவாரு. ஒரே ஓட்டம், அணைச்சுட்டு வந்துடறேன்."

"ஹோல்டான்!" அண்ணி அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். "முதலாளி கொன்னா கேஸ் போடலாம். இது கொன்னா யார் மேல போடுவே? நில்லு இங்க."

அப்போது அது கேட்டது.

கீழே, வெள்ளைக்கு நடுவில், ஆளில்லாமல் நின்ற பொக்லைன் உறும ஆரம்பித்தது. முதலில் தாழ. பிறகு மேலே, மேலே. ஊரே காது கொடுத்துக் கேட்கும்படி.

முடிதிருத்துகிறவரின் முகத்தில் இருந்த கோபம் அப்படியே வழிந்து போனது. "யாரு உள்ள இருக்கா?" என்றார். "யாரு மிதிக்கறது?"

"யாரும் இல்லண்ணே" என்றார் பொக்லைன்காரர். "நான் ஒருத்தன்தான். நான் இங்க நிக்கறேனே."

எஞ்சின் கத்தியது. முடிதிருத்துகிறவர் வெந்த கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். பிறகு பள்ளத் தெருவின் கோடி முழுவதும் ஒரே அடியாக நெருப்பாக எழும்பியது. அந்தச் சூடு வளைவு வரைக்கும் வந்து கன்னத்தில் அறைந்தது. முடிதிருத்துகிறவர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "அதே சத்தம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். "அதே சத்தம்தான். அதே சத்தம்தான்."

அண்ணி குனிந்து அவர் தோளில் கை வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

ஜனங்கள் கத்தினார்கள், தண்ணீர் இருக்கிறதே, அடியுங்கள் என்று. நாங்கள் நெருப்பின் மேல் ஒரு சொட்டு விடவில்லை. தள்ளி இருந்த வீடுகளின் சுவர்களையும் கூரைகளையும் மட்டும் ஹோஸ் எட்டுகிற தூரத்தில் இருந்து நனைத்துக்கொண்டே இருந்தோம். கம்பத்து நம்பருக்கு மேட்டில் நின்று அண்ணி பேசிய பேச்சை எழுதினால் இதை வீட்டில் வைத்துப் படிக்க முடியாது. கம்பெனிக்காரர்கள் எங்கோ இரண்டு பக்கமும் வால்வை மூடினார்கள். நெருப்பு குட்டையானது, முனகியது, ஒரு அடுப்புச் சுடர் அளவுக்கு வந்து, போனது. கோடியில் சில வீடுகள் எரிந்து கரியாகிவிட்டன. அது எனக்கும் வலித்தது. அந்த வீடுகளுக்கு லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறவன் நான்.

மன்றத் தலைவர் அப்போதுதான் வந்தார். பின்னால் தொப்பிக்காரர். தலைவருக்குக் கரியான வீடுகள் தெரிந்தன. தூரத்தில், வளைவில், பளபளவென்று ஒரு கீறல் இல்லாமல் நின்ற வண்டி தெரிந்தது. அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"வண்டி நிறையத் தண்ணியை வச்சுக்கிட்டு நின்னு வேடிக்கை பார்த்தியாம்மா? வீடுங்க எரியுது, நீ நிக்கறே?"

"ஆமா. நின்னோம்" என்றார் அண்ணி. முகமெல்லாம் கரி. "வீடு எரிஞ்சிருக்கு. கம்பெனி கட்டித் தரும்; தர வைப்பேன். ஆளுங்களைப் பாருங்க. எல்லாரும் இருக்காங்களா, பாருங்க."

தலைவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். கூட்டம் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தினார்.

"உன் வீட்டுக்காரர் மட்டும் இன்னிக்கு இருந்திருந்தா இப்படிக் கை கட்டி நின்னிருப்பாரா?"

முடிதிருத்துகிறவர் எழுந்து வந்து தலைவருக்கும் அண்ணிக்கும் நடுவில் நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அண்ணி அவரை மெதுவாக ஒதுக்கினார். இத்தனை வருஷத்தில் என் அண்ணி அழுது ஊர் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தது. குரல் மட்டும் உடையவில்லை. கடைசி சீட் வரைக்கும் கேட்கிற அதே குரல்.

"நின்னிருப்பாரு. நல்லது சொன்னா கேட்கற மனுஷன்யா அவரு. கிட்டப் போகாதே, இங்கயே நில்லுன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா போதும், நின்னிருப்பாரு. ஒருத்தரும் சொல்லல."